இரண்டாவது வரி

கணினித் திரையில் எட்வின் மவுஸால் இழுத்த நீலம் முதல் வரியோடு நின்றுவிட்டது.

அவள் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை.

திரையில் இரண்டே கட்டளை வரிகள். வரன் பட்டியலில் இருப்பவர்களை அழி என்பது முதல் வரி. திருமணம் முடிந்தவர்களை மட்டும் என்பது இரண்டாவது. நீலம் பூசிய வரியைத்தான் கணினி கேட்கும். மற்றதைச் சட்டை செய்யாது.

போன மாதமும் இதே கைதான். இதே அவசரம்தான்.

திருமணத் தகவல் மையத்தின் அத்தனை வரன்களும் ஒரே தட்டில் காணாமல் போயின. பழியை அவள் தலையில் கட்டிவிட்டு மேலாளர் எட்வின் கைகழுவிக்கொண்டார். சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்து வரன்களை அவள் மீட்டுக்கொடுத்தாள். அவளுடைய வேலைதான் மீளவில்லை.

இன்று அவளுக்குக் கடைசி நாள். பொறுப்பை ஒப்படைக்கிறாள். முதலாளியம்மா பின்னால் நின்று பார்க்கிறார். அவர் முன்னால் கெத்துக் காட்டத்தான், "தள்ளும்மா, நானே பண்றேன்" என்று எட்வின் நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டார்.

எதை அழிக்கும் முன்பும் அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. இது ஒத்திகைதான் என்று கணினியிடம் முதலிலேயே சொல்லிவைப்பாள். பிறகு 'கமிட்' என்று அடித்தால்தான் போனது போனது. 'ரோல்பேக்' என்று அடித்தால் எல்லாம் திரும்பிவிடும்.

இன்றும் சொல்லிவைத்துவிட்டுத்தான் எழுந்தாள்.

எட்வினுக்குத் தெரியாது. அவர் கேட்கவும் இல்லை.

டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எல்லோர் கண்ணிலும் படும்படி.

எட்வின் தட்டினார்.

மூன்று லட்சத்துச் சொச்சம் வரன்கள் அழிந்தன என்றது திரை.

அவர் முகம் வெளுத்தது. கழுத்து மெல்லத் திரும்பி அவளைத் தேடியது.

பழக்கதோஷம்.

அவள் ஒரு மடக்குக் குடித்தாள். டீ இப்படி இனித்து எத்தனை நாளாயிற்று.

வெளியே தொலைபேசிகள் அடிக்கத் தொடங்கின. இணையதளம் திறக்கவில்லையாம்; ஒத்திகை முடியும்வரை பட்டியல் பூட்டித்தான் கிடக்கும்.

கமிட் என்று அடித்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்றிருந்தது அவளுக்கு. ஆனால் பெண் கிடைக்காமல் அலைகிறவர்கள் அவளுக்கு என்ன கெடுதல் செய்தார்கள்?

யார் செய்தது என்று முதலாளியம்மா கேட்டார்.

எட்வின் டம்ளரைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்த இரண்டு கைகளையும் பார்த்தார்.

"நான்தான் மேடம்."

மீட்க முடியுமா என்று முதலாளியம்மா அவளிடம் கேட்டார். முடியும் என்று தலையாட்டினாள். எட்வின் அடித்துப்பிடித்து எழுந்து நாற்காலியைத் துடைக்காத குறையாக விட்டுக்கொடுத்தார்.

உட்கார்ந்தாள். ரோல்பேக் என்று எழுத்தெழுத்தாக அடித்தாள். கடைசி விசையின் மேல் விரலை வைத்தாள்.

அழுத்தவில்லை.

திரும்பி எட்வினைப் பார்த்தாள்.

"போன மாசம் யாரு சார்?"

முதலாளியம்மாவும் எட்வினைப் பார்த்தார்.