மஞ்சளான தட்டு

அண்ணன் சாவதற்கு முன் ஆராய்ச்சிக்காகத் தோலில் ஒரு துணுக்கு கொடுத்திருந்தான். எங்கள் ஆய்வகத்தில் அதிலிருந்து ஸ்டெம் செல்களைச் சிறு தட்டுகளில் வளர்த்தார்கள். தினமும் அவற்றுக்கு இளஞ்சிவப்பு ஊட்டநீரை மாற்றுவது என் வேலை. செல்கள் தின்றுவிட்டால் அது மஞ்சளாகிவிடும். எப்போதும் அண்ணனின் தட்டுகள்தான் முதலில் மஞ்சளாகும். உயிரோடு இருந்தபோதும் அவன் பசி பொறுக்கமாட்டான்.

போன வாரம் அண்ணி வந்தாள்.

"அவரை விட்டுருங்க தம்பி. செத்தும் நிம்மதி இல்லாம எதுக்கு?"

"அது அண்ணன் இல்லை அண்ணி, வெறும் செல்லு."

"அப்ப விடுறதுக்கு என்ன?"

அண்ணி அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டதால் நேற்று அண்ணனின் எல்லாத் தட்டுகளிலும் பிளீச் ஊற்றிச் செல்களை அழித்தேன். செல் வளர்க்கும் பெட்டியைக் கழுவித் துடைத்து, வழக்கம்போல் ஒரு வெறும் தட்டில் ஊட்டநீர் ஊற்றி உள்ளே வைத்தேன். கிருமி தங்கியிருந்தால் அது மஞ்சளாகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்று காலை அது மஞ்சளாக இருந்தது. மைக்ராஸ்கோப்பில் வைத்து மூலைமுடுக்கெல்லாம் பார்த்தேன். கிருமி இல்லை, செல் இல்லை, ஒன்றுமே இல்லை.

அண்ணி போன் செய்தாள். "எல்லாம் முடிஞ்சுதா தம்பி?"

"முடிஞ்சுது அண்ணி" என்றேன், அந்தத் தட்டில் புதிய ஊட்டநீரை ஊற்றிக்கொண்டே.