இறக்கிய துடைப்பம்

"மாமா, துடைப்பத்தை ஏன் இறக்குறீங்க?"

மருமகள் ஸ்வென்யா வெங்காய அடைத் தட்டை மேசையில் வைத்துவிட்டு வாசலுக்கு ஓடி வந்தாள்.

எபர்ஹார்ட் ஏணியில் நின்று முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஜெர்மனியின் நெக்கார் ஆற்றங்கரையில் திராட்சைத் தோட்டக்காரர் வீட்டு வாசலில் துடைப்பம் தொங்கினால் உள்ளே ஒயினும் சாப்பாடும் உண்டு. இல்லையென்றால் கிடையாது.

"இன்னிக்கு லீவு" என்றார்.

"சனிக்கிழமையிலயா? கோட்டை பார்த்துட்டு நாப்பது பேர் பஸ்ல இறங்கி வர்றாங்க. அடையெல்லாம் சுட்டு வச்சாச்சு."

"வரட்டும்."

"நம்ம துடைப்பத்தைப் பார்த்துத்தான் பஸ்ஸே நிக்கும். இல்லேன்னா நேரா அடுத்த ஊர்தான். பின்சந்துக்குள்ள கெர்லிண்டே அம்மா வீட்டுல தொங்குற துடைப்பம் யார் கண்ணுல படப்போகுது?"

எபர்ஹார்ட் துடைப்பத்தோடு ஏணியிலிருந்து இறங்கினார்.

"ஓ, பஸ் நிக்கலேன்னா அவங்க பக்கமும் யாரும் போகமாட்டாங்க, அதுதான் கணக்கா? புருஷன் போனப்புறம் அவங்க தனியாளா எடுத்த முதல் ஒயின். இந்த மாசத்துக்குள்ள பீப்பாய் காலியாகலேன்னா தோட்டத்தை வித்துட்டு மகன் வீட்டுக்குப் போயிடுவாங்க. ஊருக்கே தெரியும்."

"எனக்கும் தெரியும்."

"தெரிஞ்சுமா? ஒரு வரப்புச் சுவருக்காக அவங்களோட ஒன்பது வருஷமாப் பேசலை. அது போதலையா?"

"சுவர் விஷயத்துல தப்பு அவ மேலதான்."

துடைப்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருவில் நடந்தார்.

'இப்படியும் ஒரு மனுஷன்' என்று ஸ்வென்யா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

பஸ் வளைவு திரும்பியது. அவர்கள் வீட்டைத் தாண்டியது. போயே போய்விட்டது என்று அவள் நினைத்தபோது, பின்சந்து முனையில் போய் நின்றது.

அங்கே விளக்குக் கம்பத்தில் அவர்கள் வீட்டுத் துடைப்பம் தொங்கியது. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் வரிசையாகச் சந்துக்குள் நுழைந்தார்கள்.

எபர்ஹார்ட் வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"நாப்பது பேருக்குச் சமைக்க அவளுக்குக் கை ஓடாது. அடையைக் கொண்டுபோய்க் கொடு. நான் கொடுத்தேன்னு மட்டும் சொல்லிடாதே."

ஸ்வென்யா தட்டை எடுத்தாள். "அப்போ கோபம் தீர்ந்துடுச்சா, மாமா?"

"யார் சொன்னா? தப்பு தன்மேலதான்னு ஒருநாள் அவ வாயால ஒத்துக்கணும். அதுக்கு அவ இந்த ஊர்ல இருந்தாகணும்ல?"