அம்மா மட்டும்

கனடாவின் வின்னிபெக் நகரத்து உக்ரேனியப் பள்ளியின் வாசலில், மகள் டரீனாவின் தொப்பிக் கயிற்றை ஹாலினா இறுக்கிக் கட்டிவிட்டது எட்டு வருடத்துக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை.

இந்தச் சனிக்கிழமை அதே வாசலில், எந்தப் பிள்ளையை யார் அழைத்துப்போகலாம் என்ற பட்டியலோடு, ஆறு வயது சொலோமியாவை நிறுத்தி வைத்திருந்தாள்.

"ஹாலினா மேடம், பனி கொட்டுது. இவங்க அம்மா வர லேட்டாகும். நான் கொண்டுபோய் விடறேன்" என்றார் போஹ்தான். இந்த வருடம்தான் வெளியூரிலிருந்து வந்து பள்ளித் தலைவரானவர்.

"பட்டியல்ல உங்க பேர் இல்லீங்க."

"இவங்க அப்பாவும் நானும் ஒண்ணா சர்ச்சுல பாடறோம்."

"நல்லாப் பாடுங்க. புள்ளைய விட மாட்டேன்."

"அடுத்த வாரம் வாசலுக்கு வேற ஆளைப் போட்டுருவேன்."

"போடுங்க. இன்னைக்கு நான்தான் இருக்கேன்."

"உங்க சொந்தப் புள்ளைன்னா இப்படி நிக்க வைப்பீங்களா?"

"நிக்க வைக்கலை. தெரிஞ்சவர்தானேன்னு நானே ஒருத்தர் கார்ல ஏத்தி விட்டேன். அவர் குடிச்சிருந்தார். கார் பாலத்தைக்கூடத் தாண்டலை."

போஹ்தான் தொப்பியைக் கழற்றினார்.

சொலோமியாவின் அம்மா வந்ததும் ஹாலினா கையெழுத்து வாங்கினாள். வருடாவருடம் அவள் புதிதாக எழுதும் பட்டியலின் முதல் வரி மட்டும் மாறுவதில்லை:

டரீனா. அழைத்துப்போக வேண்டியவர்: அம்மா மட்டும்.