திருப்பிப் போட்ட சட்டை

“என்னடி இது, சட்டையத் திருப்பிப் போட்டிருக்க?”

“இப்படிப் போட்டுட்டு, தலகாணிக்கடியில ஸ்பூன் வச்சுப் படுத்தா ராத்திரி பனி கொட்டும்மா. ஸ்கூல் லீவு விட்டுருவாங்க. இந்த டுலூத் ஊர்ல எல்லாப் பிள்ளைங்களும் செய்யறதுதான்.”

கார்லா சிரித்தாள். “அஞ்சாவது படிக்கிற கழுதையோட பைத்தியக்காரத்தனத்தப் பாரு! பேசாமப் படு, லின்னியா. நாளைக்கு ஸ்கூலுக்குப் போய்த்தான் ஆகணும்.”

விடியும்போது பள்ளியிலிருந்து செய்தி வந்தது. அடுப்படியில் நின்றபடியே கார்லா வாசித்தாள்: ‘சாலைகளில் பனி அகற்றப்பட்டுவிட்டது. பள்ளி வழக்கம்போல் நடைபெறும்.’

லின்னியாவின் முகம் வாடிப்போனது. “அப்ப, சாயங்காலம் ஸ்கூல் வாசலுக்கே வந்து அப்பா என்னைக் கூட்டிட்டுப் போயிருவாராம்மா?”

“கோர்ட்டு அப்படித்தானே சொல்லியிருக்கு. கோடை லீவுக்கு இங்க வந்துருவ.”

“இன்னிக்கு லீவு விட்டிருந்தா இன்னும் ஒரு நாள் உன்கூட இருந்திருப்பேன். திருப்பிப் போட்டும் பலிக்கலையே!”

கார்லா அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டாள். முட்டையைக் கிளறிய வேகத்தில், போர்த்தியிருந்த சால்வை தோளிலிருந்து நழுவியது.

அம்மாவின் இரவுச் சட்டையில் தையலெல்லாம் வெளிப்பக்கம் இருந்தது.