கழற்றி வைத்த வயர்

மாரடைப்பிலிருந்து தேறி வந்த கேதீஸ்வரன் பண்டத்தரிப்பில் தனியாக இருந்தார். கனடாவிலுள்ள தங்கை அருந்ததி அவருடைய அறையில் கமரா பூட்டுவித்தாள். அங்கே பகல், இங்கே இரவு. வேலைக்கிடையில் அண்ணனைப் பார்த்துக்கொள்ளலாம்.

மின்னலுக்குப் பயந்து, படுக்குமுன் அவர் வைஃபை பெட்டியின் வயரைக் கழற்றிவிடுவார். அதோடு கமராவும் நின்றுவிடும். அவளிடம் சொல்லவில்லை.

“நல்ல குறட்டை அண்ணை, கனடா வரைக்கும் கேக்குது,” என்று தினமும் காலையில் தொலைபேசியில் சிரித்தாள்.

பத்தாம் நாள் உண்மையைச் சொன்னார்.

“விசர்க்கதை கதையாதேங்கோ. நேற்றுப் பச்சைச் சாரம்தானே கட்டியிருந்தனீங்கள்?”

பச்சைச் சாரம்தான்.

அன்றிரவு வயரைக் கழற்றாமல் படுத்தார். விடியும்வரை கட்டிலை விட்டு எழும்பவில்லை.

காலையில் அவள் அழுதுகொண்டு கோல் எடுத்தாள். “இரவு முழுக்க வெறுங்கட்டில்தான் கிடந்தது. எங்கை அண்ணை போனனீங்கள்?”