சுங்கக் கம்பமும் இருபது வான்கோழிகளும்

அமெரிக்காவில் முதன்முதலாகக் கல் பாவிய சாலை போட்ட சமயம். இருபது வான்கோழிகள் குதியாட்டம் போட்டுக்கொண்டு வந்தன. பின்னால் கோலும் கையுமாக வியாபாரி.

சுங்கச்சாவடிக் கம்பம் குறுக்கே நின்றது. "எங்கே இவ்வளவு அவசரம்?"

"நாளைக்கு டவுன்ல பெரிய விருந்து! எங்களையும் கூட்டிட்டுப் போறாங்க! வழியை விடுங்கண்ணே!" என்றது முன்னால் வந்த கோழி.

"சுங்கம் கட்டணும். சாவுக்குப் போறவங்களுக்கு மட்டும்தான் இலவசம்."

கோழிகள் கூடிக் கிசுகிசுத்தன. "அப்போ நாங்களும் சாவுக்குத்தான் போறோம்!"

"செத்தது யாரு?"

"அது... அங்கே போனாத்தான் தெரியும்!"

இதே பொய்யைச் சொன்ன எத்தனையோ பேரை விரட்டியடித்த கம்பம், வியாபாரியின் இடுப்பிலிருந்த கத்தியைப் பார்த்தது. மறுபேச்சில்லாமல் விலகிக்கொண்டது.

"அண்ணன் ஏமாந்துட்டாருடா!" என்று கத்திக்கொண்டே கோழிகள் ஓடின.