ஐந்தாம் எண் சட்டை

"ராசி கெட்ட மனுஷன்னு இந்தப் பிரபஞ்சத்துல ஒருத்தனும் கிடையாது. முப்பது வருஷம் இயற்பியல் நடத்தினவன் சொல்றேன், எழுதி வெச்சுக்குங்க" என்றார் அன்செல்மோ.

கசாப்புக் கடை நெஸ்தோர் எழுதிக்கொள்ளவில்லை. அவர் கை மேசைக்கடியில் இருந்தது. டாக்ஸி ஓட்டும் குண்டு பீபோவின் கையும் அங்கேதான். பார்க்க வந்த ஆட்டத்திலெல்லாம் தன் அணியைத் தோற்கவைக்கும் ஒரு பழைய கோல்கீப்பரின் பெயரை பீபோ வாய்தவறிச் சொல்லியிருந்தார்.

"பாரு, பாரு! ராசி கெட்டவன் பேரைக் கேட்டா போதும், தோஷம் ஒட்டக்கூடாதுன்னு கால்சட்டையில இடது பக்கத்தைப் பிடிச்சுக்கறீங்க. பியூனஸ் அயர்ஸ்ல பாதிரியாரே இதைத்தான் செய்யறாரு. ஏன்யா, ரெண்டு இருக்கே, இடதுக்கு மட்டும் என்ன தனிச் சக்தி?"

"வலதை வெச்சுச் சோதிச்சுப் பாக்கத் தைரியம் இல்ல வாத்தியாரே" என்றார் பீபோ.

புவெண்டே நெக்ரோ கால்பந்து கிளப் கேண்டீனில் மூவருக்கும் அது நிரந்தர மேசை. கேண்டீனை நடத்துபவன் அன்செல்மோவின் மூத்த மகன் ஹெர்னான். ஒரு காலத்தில் அவனும் நடுக்கள ஆட்டக்காரன்தான். முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள் இடது முழங்கால் போய்விட்டது. இப்போது ஊன்றுகோலோடு வெர்மூத் மது ஊற்றுகிறான்.

அன்று மாலை ஆறு மணியோடு ஆட்டக்காரர்களை வாங்கும் கெடு முடிகிறது. நடுக்களத்துக்கு ஆள் யாரும் கிடைக்காவிட்டால், ஐந்தாம் எண் சட்டை இளைஞர் அணியில் காத்திருக்கும் ராமிரோவுக்கு. அன்செல்மோவின் இளைய மகன், வயது பத்தொன்பது. இந்தச் சட்டையும் கிடைக்காவிட்டால் வருடக் கடைசியில் கிளப் அவனைக் கழற்றிவிடும்.

"உன் பையனையே போடட்டுமேய்யா" என்றார் நெஸ்தோர்.

"அவனா? பந்தை நிறுத்துடான்னா பஸ்ஸை நிறுத்தற மாதிரி கையைக் காட்டுவான். வாங்கினா தபோர்தாவை வாங்கணும். அந்த வலது கணுக்கால் இருக்கே, தங்கத்துல செஞ்சதுய்யா!"

பெற்ற பிள்ளையைவிட கிளப்தான் பெரிதென்று இருக்கும் மனிதர். நெஸ்தோர் நெகிழ்ந்து, தன் தட்டிலிருந்த ஆலிவ் காய்களை அவர் பக்கம் நகர்த்தினார்.

நான்கு மணிக்கு நெஸ்தோரின் போன் சிணுங்கியது.

"தபோர்தா கையெழுத்துப் போட வந்தானாம். ஆபீஸ் படிக்கட்டுல வழுக்கிக் கணுக்கால் முறிஞ்சிடுச்சாம்."

"எந்தக் கணுக்கால்?" என்றார் பீபோ.

"வலது."

"படிக்கட்டு ஈரமா இருந்திருக்கும். உராய்வு குறைவு" என்றார் அன்செல்மோ. "போனாப் போறான். உருகுவேக்காரன் செபேரியோ இருக்கான். நுரையீரலா அது? ரெண்டு குதிரைக்கு உள்ளதை ஒருத்தன் வெச்சிருக்கான்!"

நாலரைக்கு அடுத்த செய்தி. நெஸ்தோர் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் சத்தமாகச் சொன்னார்.

"மருத்துவப் பரிசோதனையில நிறுத்தி வெச்சுட்டாங்களாம். எக்ஸ்ரேயில நுரையீரல்ல ஏதோ நிழல் தெரியுதாம்."

கவுண்டரில் கோப்பை துடைத்துக்கொண்டிருந்த ஹெர்னானின் கை நின்றது.

"இந்த அறையில யாருக்கோ சரியில்ல" என்றார் பீபோ, தணிந்த குரலில். "வாத்தியாரே, கும்பிட்டுக் கேக்கறேன், இன்னொரு பேரு சொல்லாதீங்க."

"தற்செயல்யா! ரெண்டு தடவை நடந்தா விதி ஆயிடுமா?" அன்செல்மோ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தாகியிருந்தது. "பராகுவே பையன் இன்ஸ்ஃப்ரான் விமானத்துல வந்துட்டிருக்கான். அவன் கண்ணைப் பாத்திருக்கீங்களா? மைதானம் முழுக்க ஒரே பார்வையில அளந்துடுவான். என்ன கண்ணு!"

ஐந்தரைக்குப் போன் சிணுங்கியபோது அதை எடுக்க நெஸ்தோருக்கு மனமில்லை. பீபோதான் எட்டிப் படித்தார்.

"விமானத்துல தூங்கி எழுந்தானாம்..." போனைக் கவிழ்த்து வைத்தார். "இடது கண்ணு தெரியலையாம்."

பீபோ நாற்காலியை அன்செல்மோவிடமிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டார். நெஸ்தோருக்குக் கடை ஞாபகம் வந்தது. பீபோவுக்கு, அன்றைக்கு எடுத்தே வராத டாக்ஸி ஞாபகம் வந்தது. இருவரும் இடது கையைக் கால்சட்டையிலிருந்து எடுக்காமலே கதவைத் திறந்துகொண்டு போனார்கள்.

'பாவம் வாத்தியாரு. அவருக்கே தெரியல' என்று வாசலில் பீபோ முணுமுணுத்தது உள்ளே கேட்டது.

ஆறு அடித்து ஐந்து நிமிடம். ராமிரோ சட்டையை நெஞ்சோடு அணைத்தபடி ஓடிவந்தான். முதுகுப் பக்கம் பெரிதாக ஐந்து.

"அப்பா! ஞாயித்துக்கிழமை நான்தான்! இன்னிக்கு ஒரு நாளாவது நல்லதா ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா."

அன்செல்மோ அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"உனக்கு இருக்கறது காலா? ரெண்டு துடைப்பக்கட்டை. நின்னு பேசாம பயிற்சிக்குப் போ."

ராமிரோவின் முகம் சுருங்கியது. சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

ஊன்றுகோல் டக் டக்கென்று மேசையை நெருங்கியது. காலிக் கோப்பைகளை எடுத்தபடியே ஹெர்னான் மெதுவாகச் சொன்னான்: "அந்தப் பராகுவே பையனுக்கு இருபது வயசுதாம்பா. கண்ணை மட்டுமாவது விட்டுவெச்சிருக்கலாம்."

"மணி அஞ்சாயிடுச்சேடா. வேற என்ன செய்யச் சொல்ற?" அன்செல்மோ மகனின் இடது முழங்காலையே பார்த்தார். "உன்னதைப் புகழ்ந்தப்பதான் எனக்குத் தெரியாது."

வெளியே, "ராமிரோ! என்ன காலுடா உனக்கு!" என்று யாரோ கூவினார்கள். இயற்பியல் ஆசிரியரின் கை மேசைக்கடியில் மெல்ல இறங்கி, இடது பக்கத்தை இறுகப் பிடித்துக்கொண்டது.